புன்னைவாயில் கொடியும் காதில்லாத ஊசியும்

முன்னொரு காலத்திலே, கடலில் உப்பு இன்னும் முழுசாகக் கரைந்து முடியாத காலத்திலே, புன்னைவாயில் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர் இருந்தது. எவ்வளவு சின்ன ஊர் என்றால், இந்தக் கோடியில் ஒருத்தி கடுகு தாளித்தால் அந்தக் கோடியில் இருப்பவன் தும்முவான். அவ்வளவுதான் ஊர்.

அந்த நாட்டில் ஊருக்கு ஊர் கொடி உண்டு. வேங்கையூர்க் கொடியில் புலி பாயும். களிறூர்க் கொடியில் யானை துதிக்கையைத் தூக்கும். வாள்மங்கலத்துக் கொடியில் இரட்டை வாள் மின்னும். புன்னைவாயிலுக்குக் கொடியும் கிடையாது, சின்னமும் கிடையாது. தலைநகரத் திருவிழாவுக்குப் போனால் மற்ற ஊர்க்காரர்கள் கொடி பிடித்து நடப்பார்கள்; புன்னைவாயில்காரர்கள் வெறும் கம்பைப் பிடித்து நடப்பார்கள்.

"என்ன ஓய், உங்க கொடியைக் காக்கா கொத்திட்டுப் போயிடுச்சா?" என்று கேலி வேறு.

அந்த ஊரில் ஒரு வீட்டில் இரண்டு மருமகள்கள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டவள் மாதரசி, தம்பிக்கு வாழ்க்கைப்பட்டவள் பூவுடையாள். புருஷன்மார் இருவரும் தோணியில் சரக்கேற்றிக் கடல் தாண்டிப் போனால் திரும்பி வர மாதங்கள் ஆகும். அதுவரை ஓரகத்திகள் இரண்டு பேரும்தான் வீடு. மாதரசிக்கு அடுக்களை. அவள் தொட்டால் வெறும் கம்பங்கூழும் தெருவையே கூப்பிடும். பூவுடையாளுக்கு வாசல். அவள் சிரித்தால் கடன்காரனும் கேட்க வந்ததை மறந்துவிட்டுத் தண்ணீர் குடித்துப் போவான்.

"பூவுடையாள் வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா!" என்று ஊர் சொல்லும். சமைத்தவள் பெயர் யாருக்கும் வாயில் வராது. மாதரசி பெற்ற மகள் சிட்டு, இன்னும் நடை பழகாத, தானே அள்ளித் தின்னத் தெரியாத குழந்தை, அதுகூடச் சோற்றைக் கண்டால் "சித்தி, சித்தி" என்றுதான் கையை நீட்டும்.

மாதரசியின் வாய் சிரிக்கும். வயிறு எரியும்.

ஒரு கோடைக்காலம். சோலைமாறன் என்கிற ராஜா போருக்குப் போய்த் திரும்பும்போது புழுதிக்காற்றில் வழி தவறிவிட்டார். மூன்று ஊர் வாசலில் போய் நின்றார்கள் அவரும் அவருடைய வீரர்களும். வேங்கையூர் கதவைச் சாத்தியது. களிறூர் கதவைச் சாத்தியது. வாள்மங்கலமோ கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டது. மண் அப்பிய முகத்தில் ராஜா என்று எழுதியா ஒட்டியிருக்கும்?

கடைசியில் புன்னைவாயிலுக்கு வந்தார்கள். அங்கே கதவே கிடையாது, சாத்துவதற்கு. ஊர் நடுவில் நின்ற பெரிய புன்னை மரத்து நிழலில் அத்தனை பேரும் பொத்தென்று விழுந்தார்கள். ஊற்றிலிருந்து ஒரு கிழட்டுக் கழுதை, அடிக்காமலே, அதட்டாமலே, பொழுது சாயும்வரை தண்ணீர் சுமந்தது. கொல்லையில் மூன்று அடுப்பு மூட்டி, புகையில் கண் கரைய, கை கொப்புளிக்கக் கூழ் காய்ச்சினாள் மாதரசி. அதைத் தூக்கிப்போய், கொட்டாங்கச்சி அகப்பையால் ஆளுக்கு ஆள் மொண்டு ஊற்றினாள் பூவுடையாள். யார் என்ன என்று கேட்கவில்லை. போதும் என்று சொல்லும்வரை ஊற்றினாள்.

ராஜா ஏழு கலம் குடித்தார். நிமிர்ந்து பார்த்தார். எதிரில் அகப்பை. அகப்பைக்குப் பின்னால் ஒரு சிரித்த முகம்.

அடுத்த பௌர்ணமிக்கு அரண்மனையிலிருந்து கொடி வந்துவிட்டது! மஞ்சள் பட்டில், பச்சைக் கரை போட்ட கொடி. கட்டியக்காரன் அதைப் புன்னை மரத்தடியில் விரித்துப் பிடித்து ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னான்:

"கேளுங்கள், கேளுங்கள்! முதல் சின்னம் புன்னை மரம். அது யாரென்று கேளாமல் தந்த நிழல். இரண்டாம் சின்னம் கழுதை. அது முகம் சுளிக்காமல் சுமந்த பொறுமை. மூன்றாம் சின்னம் அகப்பை. அது அளந்து பார்க்காமல் கொடுத்த கை. இந்த மூன்றும் கொடியில் இருக்கும்வரை ஊரிலும் இருக்கும். இது ராஜாவின் வாக்கு. கொடியைக் காக்கும் உரிமை, அகப்பை பிடித்த பூவுடையாளுக்கே!"

ஊரே குலவையிட்டது. மாதரசியும் குலவையிட்டாள். வாய் சிரித்தது. வயிறு எரிந்தது.

அதற்கப்புறம் நாளும் பொழுதும் அகப்பைப் புராணம்தான். காலையில் கொடி ஏறும்போது பூவுடையாளுக்கு ஒரு கும்பிடு. மாலையில் இறங்கும்போது ஒரு கும்பிடு. புதுப்பெண் வந்தால் பூவுடையாள் கையால் முதல் சோறு. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் "கழுதைக்கொடி, கழுதைக்கொடி" என்று சிரித்தபோதும், "அகப்பைக்காரி நல்லவ" என்று சேர்த்துத்தான் சொன்னார்கள்.

மாதரசி அடுப்போடு பேசினாள். "காய்ச்சினவ நான். ஊத்தினவ அவ. சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? சட்டியைத் தைக்கலையே, அகப்பையைத் தைச்சாங்களே!"

அடுப்பு என்ன சொல்லும்? புகைந்தது.

இப்படிப் புகைந்துகொண்டிருந்த ஒரு நடுப்பகலில் வாசலில் குரல் கேட்டது. "ஊசி, பாசி, சீப்பு, கண்ணாடி!" எட்டிப் பார்த்தாள். நீளமான கை, நீளமான கால், குச்சி குச்சியான விரல். இப்படி ஓர் ஊசிக்காரனை அவள் பார்த்ததில்லை.

"தாயி, கண்ணு ஏன் சிவந்திருக்கு?"

"அடுப்புப் புகை."

"அடுப்பு வெளியில இருந்தா கண்ணு சிவக்கும். உள்ள இருந்தா முகமே சிவக்கும். உனக்கு முகம் சிவந்திருக்கு தாயி." அவன் ஓர் ஊசியை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். கறுப்பு ஊசி. அதற்குக் காது இல்லை.

"காதில்லாத ஊசியில நூலை எப்படிக் கோக்கிறது?"

"இது தைக்கிற ஊசி இல்லை, பிரிக்கிற ஊசி. எந்தத் தையலை நினைச்சு உன் வயிறு எரியுதோ அந்தத் தையலைப் பிரிச்சிடும். தடம்கூடத் தெரியாது."

மாதரசி கையை நீட்டினாள். "விலை?"

"ஒரே ஒரு பெருமூச்சு."

இதென்ன விலை, இது என்னிடம் குவிந்து கிடக்கிறதே என்று நினைத்தாள். விட்டாள் ஒரு பெருமூச்சு. அவன் அதை மூங்கில் குழாயில் பிடித்து அடைத்துக்கொண்டான். "மரத்தில தொடங்கு தாயி. நூல் அங்கேதான் ஆரம்பிக்குது. அகப்பையில வந்து முடியும்" என்றான். போய்விட்டான்.

அவன் ஊசிக்காரனே இல்லை. மாயவலையன் என்கிற மந்திரவாதி. கொடியில் யார் சின்னமோ அவர்களுக்கே ஊர் சொந்தம்; கொடி வெறுமையானால், முதலில் சின்னம் வைப்பவனுக்குச் சொந்தம். ஆனால் சின்னம் இருக்கும்வரை வெளியாள் கை கொடியில் பட்டால் கருகிப்போகும். பிரிப்பதற்கு ஊர்க்கை வேண்டும். தைப்பதற்கு ஊர்மூச்சில் நூற்ற நூல் வேண்டும். தைத்து முடிப்பதற்கு ஊர்த்தலைவர் வாயால் ஒரு 'சரி' வேண்டும். எரியும் வயிறு ஒன்றைத் தேடித்தான் அவன் தெருத்தெருவாக நடந்துகொண்டிருந்தான்.

அந்த வாரம் முழுக்கக் காற்று இல்லாததால் கொடி ஏற்றவில்லை, பெட்டியில் இருந்தது. பூவுடையாள் சிட்டுவைத் தோளில் போட்டுத் தூங்கப்பண்ணிக்கொண்டிருந்தாள். மாதரசி பெட்டியைத் திறந்தாள். அகப்பையை மட்டும்தான் நினைத்தாள், பாவம். மரத்தின் வேரில் ஊசியை வைத்தாள். சரசரவென்று நூல் பிரிந்தது. மரம் காணாமல் போனது.

வெளியே "ஐயோ!" என்று ஒரு சத்தம். புன்னை மரம் நின்ற இடத்தில்தான் நின்றது. நிழல்தான் இல்லை. இலைக்கு அடியிலும் வெயில், கூரைக்கு அடியிலும் வெயில். மாதரசி பயந்து பெட்டியை மூடினாள்.

மறுநாள் ஊசிக்காரன் வந்தான். "இன்னும் கொஞ்சம்தான் தாயி. பாதியில விட்டா உன் பேருதான் கெடும்." இன்னொரு பெருமூச்சு வாங்கிப் போனான். கொடியிலிருந்து கழுதை போனது. ஊரில் பொறுமை போனது. ஊற்றடியில் குடத்தால் அடித்துக்கொண்டார்கள். புருஷனும் பெண்டாட்டியும் ஒரு பல்லியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். கிழட்டுக் கழுதை உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை.

இப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் அந்த நேரம் பார்த்துச் சிட்டு தூக்கத்தில் சிரித்தது. "சித்தி" என்றது.

ஊசிக்காரன் மறுபடி வந்தபோது, மூன்றாவது பெருமூச்சை அவன் கேட்காமலே கொடுத்தாள் மாதரசி. அகப்பை போனது.

அன்று சாயங்காலம் பூவுடையாள் சிட்டுவுக்குக் கூழ் ஊட்ட உட்கார்ந்தாள். சட்டி நிறையக் கூழ். அகப்பையை முக்கினாள், நிறைந்தது. குழந்தையின் கிண்ணத்துக்குக் கொண்டுபோனாள், வெறும் அகப்பை! மறுபடி முக்கினாள். மறுபடி வெறும் அகப்பை. மாதரசி பிடுங்கி மொண்டாள். அவளுக்கும் அதே கதி. கையால் அள்ளிப் பார்த்தார்கள். குழந்தையின் உதட்டருகே போனதும் விரல் நடுவில் ஒன்றுமே இல்லை.

ஊர் முழுக்க அப்படித்தான். தனக்கென்று எடுத்தால் வரும். அடுத்தவருக்கு என்று நீட்டினால் மாயமாகும். படுக்கையில் கிடந்த நோயாளிக்குக் கஞ்சி போகவில்லை. தாய்க்கு மார் கட்டிக்கொண்டது. பிள்ளைக்குப் பால் போகவில்லை. சட்டி சட்டியாகச் சோறு இருந்தது. வீடு வீடாகப் பசி இருந்தது. பூவுடையாள் கொடியை எடுத்து விரித்தாள். வெறும் மஞ்சள் துணி. அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாதரசி ஊர் எல்லைவரை ஓடி ஊசிக்காரனைப் பிடித்தாள். "எடுத்ததைத் திரும்பத் தைச்சுக் கொடு!"

"பிரிக்கத் தெரிஞ்ச ஊசிக்குத் தைக்கத் தெரியாது தாயி" என்று சிரித்தான் அவன். "ஆனா கவலைப்படாதே. நானே தைக்கத்தான் வரேன், உன் பெருமூச்சு நூலால. என் சின்னம் ஏறினா உங்க கை எனக்கு மட்டும்தான் திறக்கும்."

அகப்பை போன மூன்றாம் நாள் காலை நிழலில்லாத புன்னை மரத்தடியில் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் காளத்தியார் நடுவில் நின்றார். பசியில் அழுத பிள்ளைகள் இப்போது அழக்கூடத் தெம்பில்லாமல் தோளில் கிடந்தன. மாயவலையன் கொடியை மடியில் விரித்து, மூங்கில் குழாயிலிருந்து கறுப்பு நூலை உருவி உருவித் தைத்துக்கொண்டிருந்தான். ஒரு சிலந்தி. எட்டுக் காலில் ஏழு தைத்தாகிவிட்டது.

"ஊர்த்தலைவர் ஒரு வார்த்தை 'சரி' என்று சொன்னால் எட்டாவது காலையும் தைப்பேன். உங்கள் கைகள் திறக்கும்."

காளத்தியார் கையைக் கூப்பினார். "எதையாவது தைத்துக்கொள் ஐயா. பிள்ளைகள் பிழைத்தால் போதும். ச..."

"சொல்லாதீங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். மாதரசி நின்றாள். இடுப்பில் சிட்டு துவண்டு கிடந்தது.

"சொல்லாதீங்க. அவன் சிலந்தி கொடியில ஏறினா நம்ம கை அவனுக்கு மட்டும்தான் திறக்கும். கொடியைப் பிரிச்சது நான். அந்த நூல் என் பெருமூச்சு. பூவு மேல எனக்குப் பொறாமை. அகப்பையைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிஞ்சுது, பிரிச்சேன்."

ஊரில்தான் பொறுமை இல்லையே! கல்லை எடுத்தார்கள். கழியை எடுத்தார்கள். பூவுடையாள் ஓடிவந்து முன்னால் நின்றாள். நின்றவள் திரும்பி, மாதரசி கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டாள்.

"அடிப்பாவி! என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருந்தா?"

பூவுடையாள் தலை குனிந்தாள். "ராஜா கேட்டாரு அக்கா. 'இந்தக் கூழ் யார் கைப்பக்குவம்'னு கேட்டாரு. எங்க அக்கான்னு சொல்ல வாயைத் திறந்தேன். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. அது இனிப்பா இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டேன்."

அப்போ பூவுக்குத் தெரியும் என்று நினைத்தாள் மாதரசி. தெரிந்தேதான் அத்தனை கும்பிடையும் வாங்கினாள்! உள்ளே கோபம் குப்பென்று ஏறியது.

மாயவலையன் கைகொட்டிச் சிரித்தான். "உண்மை வெளியே வந்துவிட்டது, நல்லது! உண்மையால் வயிறு நிறையுமா? அடுத்தவருக்குக் கொடுக்கும் கை ஒன்று, ஒரே ஒன்று, இந்த ஊரில் இருந்தால் காட்டுங்கள். என் நூல் தானே அறுந்துபோகும். எங்கே, காட்டுங்கள்!"

கர்வம் பிடித்தவன் வாய் சும்மா இருக்காது. மாதரசி காதில் அது விழுந்தது. ஓடினாள். கூழ்ச்சட்டியைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து மரத்தடியில் இறக்கினாள். அகப்பையை எடுத்தாள்.

முதலில் காளத்தியாருக்கு ஊற்றினாள். ஊர் என்னை மன்னிக்கட்டும் என்று நினைத்து ஊற்றினாள். வெறும் அகப்பை.

அடுத்துச் சிட்டுவுக்கு ஊற்றினாள். பெற்ற வயிறு பதறப் பதற ஊற்றினாள். கூழ் அகப்பையின் விளிம்புவரை வந்தது! ஊரே மூச்சைப் பிடித்தது. குழந்தை கண்ணைத் திறந்து, தலையைத் திருப்பி, "சித்தி" என்றது. மாதரசியின் வயிற்றில் சுருக்கென்றது. வெறும் அகப்பை.

மாயவலையன் ஊசியில் நூலை இழுத்தான். "ஊர்த்தலைவரே, சொல்லுங்கள்!"

மாதரசி குழந்தையைப் பூவுடையாளிடம் நீட்டினாள். வாங்கும்போது பூவுடையாள் தள்ளாடினாள். அப்போதுதான் மாதரசி அவளைப் பார்த்தாள். கொடியேறிய நாளிலிருந்து அவளை அகப்பையாகத்தான் பார்த்திருக்கிறாள், முகத்தைப் பார்த்ததில்லை. உதடு வெடித்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. மணிக்கட்டு வளையலுக்குள் ஆடியது.

"ஏண்டி, நீ சாப்பிடலையா? உனக்குன்னு எடுத்தா வருமே!"

"வரும் அக்கா. சிட்டு பட்டினி கிடக்கும்போது எப்படி இறங்கும்?"

மாதரசி எதையும் நினைக்கவில்லை. கொடியை நினைக்கவில்லை, ஊரை நினைக்கவில்லை, ராஜாவை நினைக்கவில்லை, பொறாமைகூட நினைவுக்கு வரவில்லை. "இப்படியா வயித்தைக் காயப்போடுவே? உட்காரு, குடி" என்று அதட்டிக்கொண்டே மொண்டு ஊற்றினாள்.

கூழ் விழுந்தது. குழந்தையை மடியில் போட்டு ஏந்திய பூவுடையாளின் இரண்டு கை நிறைய, விரலிடுக்கில் வழிய வழிய, சூடாக விழுந்தது.

பட்! பட்! பட்! சிலந்தியின் கால் ஒவ்வொன்றாக அறுந்தது. அறுந்த நூல் காற்றில் துள்ளி மாயவலையனையே சுற்றியது. அவன் கத்தக் கத்தச் சுற்றியது. சுற்றச் சுற்றச் சுருங்கினான். சுருங்கிச் சுருங்கி ஒரு குட்டிச் சிலந்தியாகி மரத்தடியில் ஓட்டமெடுத்தான். ஒரு கோழி பின்னாலேயே துரத்திக்கொண்டு போனது. அப்புறம் என்ன நடந்தது என்று அந்தக் கோழியைத்தான் கேட்க வேண்டும்.

நிழல் சில்லென்று இறங்கியது. கழுதை எழுந்து உதறிக்கொண்டது. பூவுடையாள் தன் கையிலிருந்த கூழைச் சிட்டுவின் வாயில் வைத்தாள், அது சப்புக்கொட்டியது. வீட்டுக்கு வீடு ஓடினார்கள். எல்லோரும் எல்லோருக்கும் ஊட்டிக்கொண்டார்கள். பகையாளிக்குக்கூட ஊட்டினார்கள், கை திறக்கிறதா என்று பார்க்க!

ஆனால் கொடி வெறும் மஞ்சள் துணியாகத்தான் இருந்தது. காளத்தியார் தீர்ப்புச் சொன்னார்: "பிரித்த கைதான் தைக்க வேண்டும். ஒளிந்து பிரித்ததை ஊர் பார்க்கத் தைக்க வேண்டும்."

மாதரசி புன்னை மரத்தடியில் உட்கார்ந்து, காதுள்ள சாதாரண ஊசியால் தைத்தாள். சிலர் அவளோடு பேசினார்கள், சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அவள் குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். மரம் நன்றாக வந்தது. கழுதைக்கு ஒரு காது நீளமாகிவிட்டது. பூவுடையாள் நூல் கோத்துக் கொடுத்தாள். அகப்பையைத் தைத்து முடித்ததும் மாதரசி கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு அகப்பையின் விளிம்பிலிருந்து வழிகிற மாதிரி, வெள்ளை நூலில் ஒரு சொட்டு வைத்தாள்.

அந்த வருஷம் திருவிழாவில் ராஜா கொடியை உற்றுப் பார்த்தார். "நாம் கொடுத்த கொடியில் இந்தச் சொட்டு இல்லையே, இது என்ன சின்னம்?"

கட்டியக்காரன் முந்திக்கொண்டு, "முத்து மகாராஜா, கடலோர ஊர் அல்லவா!" என்றான். காளத்தியார், "மழைத்துளி" என்றார். பின்னாலிருந்து யாரோ, "கண்ணீர்" என்றார்கள்.

"கூழ், மகாராஜா" என்றாள் மாதரசி. "வெறும் அகப்பையை வச்சுக்கிட்டு யார் வயிறு நிறையும்? நான்தான் காய்ச்சினேன். நான்தான் கொடியைப் பிரிச்சேன். நான்தான் தைச்சேன்."

ராஜா முழுக்கதையையும் கேட்டார். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. அரண்மனைச் சுவடியில் புன்னைவாயிலின் சின்னங்களில் அந்தச் சொட்டையும் சேர்த்து எழுதச் சொன்னார். கொடியைக் காக்கும் உரிமை அன்றிலிருந்து ஓரகத்திகள் இருவருக்கும் ஆயிற்று.

அப்புறம் மாதரசிக்குப் பொறாமையே வரவில்லையா என்று கேட்பீர்கள். ஏன் வராது? அடுப்பு என்றால் புகையத்தான் செய்யும். ஆனால் வந்ததும் வாய்விட்டுச் சொல்லிவிடுவாள்.

"ஏண்டி பூவு, எனக்கு இன்னைக்கு உன் மேல பொறாமையா இருக்கு."

"எதுக்குக்கா?"

"உன் கூந்தலைப் பாரு. எனக்கு எலிவால்."

"வா, எண்ணெய் வச்சுச் சீவி விடறேன். எனக்கும் உன் மேல இருக்கு, தெரியுமா?"

"என் மேலயா! எதுக்குடி?"

"நீ வைக்கிற மீன்குழம்பு எனக்கு வரவே மாட்டேங்குது."

அன்று பொழுது சாயும்வரை அந்த வீட்டுக் கொல்லையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கேட்டவர்கள் சொல்லி நான் கேட்டேன். நான் சொல்லி நீங்கள் கேட்டீர்கள். கதை போகிற வழியில் போகட்டும், கேட்டவர் குடி குளிரட்டும்!